நடுவில் தையல் போட்ட தலையணை

தோஜிமத் அண்ணனின் குறட்டைக்கு எங்கள் வீட்டுச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வீட்டில் படுத்திருந்த எங்கள் பாடே அப்படி என்றால், அதே தலையணையில் தலைவைத்துப் படுத்த அவர் மனைவி ஹோசியத் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே தலையணை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கோகந்த் நகரை ஒட்டிய எங்கள் ஊர்களில் பெண்ணைப் பெற்றவள் சீரோடு சீராக, இரண்டு தலைக்கும் ஆகிற மாதிரி நீளமாக ஒரு தலையணை தைத்து அனுப்புவாள். ஒரே தலையணையில் கிழவன் கிழவி ஆகுங்கள் என்றுதான் கல்யாணத்தில் எல்லோரும் வாழ்த்துவார்கள். அதைப் பிரித்துப் போட்டுப் படுக்கிற வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா பாலர் பள்ளியில் சமையல்காரி. அண்டாவின் மேல் குனிந்து கிண்டியே கழுத்து போயிற்று. அண்ணன் பருத்தி ஆலையில் மூட்டை எடைபோடுகிறவர். பஞ்சுத் தூசி மூக்கிலும் நெஞ்சிலும் அடைந்துகிடக்கும். தலையணையில் பஞ்சைத் திணித்து உயர்த்தினால் குறட்டை தணியும், அக்காவுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். பஞ்சை எடுத்துத் தாழ்த்தினால் கழுத்து தேறும், அண்ணனுக்கு மூச்சு முட்டும். கொஞ்ச காலம் அவர் உயரம், கொஞ்ச காலம் இவர் உயரம். இப்படியே ஓய்தின் என்று ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தும் விட்டார்கள்.

போன குளிர்காலத் தொடக்கத்தில் வலி பொறுக்காமல் அக்கா மருத்துவமனைக்குப் போனார். என் அம்மா துணைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து வாசலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள்.

“ஓய்தின் அப்பா, ஆளுக்கொரு தலையணை வெச்சுக்கச் சொல்றாங்க டாக்டரம்மா.”

“அந்த டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லபோல.”

“அப்ப அவளுக்கு என்ன தெரியும்? நான் செத்தப்புறம் நாலு தலையணை போட்டுக்கிட்டுக் கால நீட்டிப் படு.”

“நீங்க விடற குறட்டைக்கு நான்தான் முதல்ல போவேன்.”

அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தார், சிரிப்பின் நடுவிலேயே பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் ஆட்டு ரோமத்தோடு வந்தார். “உறை ஒண்ணுதானே வெளியில தெரியும்? உள்ள எப்படியிருந்தா எவனுக்கு என்ன?” என்றார். இருவரும் தலையணையைப் பிரித்தார்கள். நடுவில் ஒரு தையல். அவர் பாதியில் பஞ்சு, கெட்டியாக. அக்காவின் பாதியில் ரோமம், மெல்லிசாக. பட்டப்பகலில் அண்ணன் படுத்துப் படுத்துப் பார்க்க, அக்கா திணித்துக்கொண்டேயிருந்தார்.

“இன்னும் ஒரு பிடி வை.”

“போதும், உக்காந்துக்கிட்டுத் தூங்கப்போறீங்களா?”

“இது தலையணையா, ஒட்டகமா?” என்றாள் அம்மா.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அக்கா காலையில் எங்கள் முற்றத்துக்கு வந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிவிட்டு வேலைக்குப் போவார்.

வாதுமை பூத்த சமயம், நடுப்பகலில், ஆலையில் தராசுக்குப் பக்கத்திலேயே அண்ணன் விழுந்தார். இதயம். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

இறந்தவரின் துணிமணியும் படுக்கையும் உடலைக் குளிப்பாட்டியவருக்குச் சேரும். குளிப்பாட்டிய மாமசாலி மறுநாள் வாசலில் வந்து நின்றார். பெண்கள் மெத்தையை மடித்தார்கள், ரஜாயை மடித்தார்கள். தலையணையை எடுத்ததும் கை தயங்கியது.

“அண்ணன் தலைவெச்சது, குடுத்துத்தானே ஆகணும்” என்றாள் அக்காவின் நாத்தனார் ஹோல்னிசோ.

“பாதி இவளோடது” என்றாள் என் அம்மா.

“அப்ப தையல்ல வெட்டிடுவோம். அவரு பாதியக் குடுத்தாப் போச்சு.” கத்தரிக்கோலும் வந்துவிட்டது.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கத்தரிக்கோலை வாங்கித் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“வெட்டாதீங்க. முழுசா எடுத்துட்டுப் போகட்டும்.”

“உனக்கு, அண்ணி?”

“முழுசாப் போகட்டும்னு சொல்றேன்ல.”

மாமசாலி அதைத் தோளில் போட்டுக்கொண்டார். கனமான பாதி அவர் மார்பில் கிடந்தது. லேசான பாதி முதுகுப் பக்கம் ஆடிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு அக்கா குளிர்கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். கழுத்து மறுபடியும் பிடித்துக்கொண்டது. நாற்பதாம் நாள் சடங்கு கழிந்ததும் ஓய்தின் புகுந்த வீட்டிலிருந்து வந்து, தன் அம்மாவை வலுக்கட்டாயமாகச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். வண்டி ஓட்டியது நான்.

“யாருக்கு, ஜோடிக்கா?” என்றாள் கடைக்காரி.

“அம்மாவுக்கு மட்டும்.”

“மல்லாந்து படுப்பீங்களா, ஒருக்களிச்சா? அதுக்குத் தக்கபடிதான் குடுக்கணும்.”

அக்கா ஓய்தின் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லும்மா” என்றாள் ஓய்தின்.

“தெரியலையேடி. அவரு இந்தப் பக்கம் திரும்பினா நான் அந்தப் பக்கம் திரும்புவேன். நானா எப்படிப் படுப்பேன்னு எனக்கென்ன தெரியும்?”

கடைக்காரி தாழ்வானது ஒன்றும் உயரமானது ஒன்றும் எடுத்து முன்னால் வைத்தாள். அக்கா தாழ்வானதை அமுக்கிப் பார்த்தார். பிறகு உயரமானதன் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

“இதக் குடு.”

“அம்மா, கழுத்து என்னத்துக்கு ஆகும்?”

“இதையே குடுக்கச் சொல்லு” என்றார் ஹோசியத் அக்கா.