உமிக்கரிக்குப் போகாத கறை

பல் டாக்டரம்மாவின் கருவி கரகரவென்று என் முன்பல்லைச் சுரண்டியதும், ராஜபாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கிணற்றடிக்குப் போய்விட்டேன். எண்பதுகளில் தினமும் காலையில் அம்மா அங்கேதான் என் தாடையைப் பிடித்துக்கொண்டு உமிக்கரியால் தேய்ப்பாள்.

"ஒழுங்கா வெளக்குனா இந்தப் பழுப்பு நிக்குமாலே? அக்கா பல்லைப் பாரு!"

பார்த்தேன். அதே கரி, அதே கிணற்றுத் தண்ணீர். அவளுக்கு மட்டும் தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை. அவள் விரல் போகும் திசையைக் கவனித்து அப்படியே தேய்த்தும் பலிக்கவில்லை. நோஞ்சான் என்று வீட்டுப் பால் முழுக்க அவளுக்கு, எனக்குக் கடுங்காப்பி. பாலையும் பல்லையும் சேர்த்து யோசிக்க அப்போது தோன்றவில்லை.

"இது அழுக்கில்ல சார்," என்றார் டாக்டரம்மா. "குடிச்ச தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. பல் உள்ள வளரும்போதே ஏறின கறை, தேய்ச்சாப் போகாது. பால் நல்லாக் குடிச்ச பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கம்மியா வரும்."

அக்காவுக்குப் போன் செய்து சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள். அவளும் அதே ஊரில் பிறந்து, அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வெட்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.