நாங்களும் மாத்திக்கினோம்

பிள்ளைகளே, எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் மகள் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற ஆலை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். பழுக்கக் காய்ந்த இரும்பு ஒரு பக்கம் குட்டையாக நுழைந்து, மறுபக்கம் பாம்பு மாதிரி நீளமாக ஓடி வரும். அதை வெட்டுகிற மிஷினில் எனக்கு வேலை. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். நடுவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்து வந்துவிட்டால் என்ன செய்வது? அதே வேலை தெரிந்த இன்னொருவரோடு ஷிப்டை மாற்றிக்கொள்வோம். என் மதியத்தை அவர் பார்ப்பார், அவர் காலையை நான் பார்ப்பேன். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிஷின் முன்னால் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

நான் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் எதிர் வீட்டு நண்பனோடுதான். அவனும் அதே ஆலை, அதே மிஷின். அவனுக்கும் ஒரே மகள், எனக்கும் ஒரே மகள். இரண்டும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

நான் பத்தாவதோடு நின்றவன். ஒருநாள் எங்கள் ஆலை இன்ஜினியர், தன் பையன் பள்ளிக்கூடம் விட்டதும் எந்தெந்த கிளாஸுக்கெல்லாம் போகிறான் என்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். என் மகள் மட்டும் பின்தங்கிவிடக்கூடாது என்று நினைத்தேன். அந்த மாதமே என் மகளை மணிக் கட்டையை வைத்துக் கணக்குப் போடுகிற அபாகஸில் சேர்த்தேன். பிறகு இந்தி. பிறகு கையெழுத்து. கடைசியாக கீபோர்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை மாற்றுவாள், கிளம்புவாள். ஞாயிற்றுக்கிழமையும் கையெழுத்து இருந்தது.

"பொண்ணு முகத்தப் பாத்தியா? ராத்திரி ஷிப்ட் முடிச்சிக்கினு வர்ற உன் முகம் மாதிரியே கீது" என்றாள் என் மனைவி. கம்பெனி கேன்டீன் ஒன்றில் வேலை செய்கிறவள். பேச்சில் உப்பு காரம் சரியாக இருக்கும்.

கீபோர்டு கிளாஸ் தொடங்கும் முன்பே மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நைனா, கீபோர்டு வாணாம் நைனா. நான் சிலம்பம் போறேன்."

"கம்பு சுத்தி இன்னா பண்ணப்போற? ரயில்ல போறவன அடிக்கப் போறியா?"

"அவ மட்டும் போவப்போறாளே!"

எதிர் வீட்டுப் பெண்ணைத்தான் சொன்னாள். அந்தப் பெண் பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறி நிற்கும். தைரியம் வரட்டும் என்று அவள் அப்பா அப்போதுதான் போனில் பேசிச் சிலம்பத்தில் பெயர் கொடுத்திருந்தான்; கிளாஸ் இன்னும் தொடங்கவில்லை. அது கீபோர்டு வேண்டும் என்று அழுததாம். "கம்பு புடிச்சாதான் பயம் போவும்" என்று சொல்லிவிட்டான். அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு கிளாஸும் ஒரே தெரு, ஒரே நேரம். தெரு முனையில் ஒரு வீட்டு மாடியில் கீபோர்டு, அதைத் தாண்டினால் மைதானத்தில் சிலம்பம். கீபோர்டு சார் செவ்வாப்பேட்டையிலிருந்து வருகிறவர். அவரிடம் போனிலேயே பேசிச் சேர்த்தேன். முதல் நாள் இரண்டு பெண்களையும் பைக்கில் ஏற்றிவந்து தெரு முனையில் இறக்கிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறதென்று ஓடினேன். அதற்கப்புறம் அவர்களே போய் வந்தார்கள்.

ஒரு விஷயம் எனக்குப் பெருமையாக இருந்தது. கீபோர்டு சேர்ந்த பிறகு மகள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. விரல் முட்டியெல்லாம் சிவந்து வீங்கிக் கிடக்கும். கேட்டால், "ப்ராக்டீஸ் நைனா" என்பாள். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "கீபோர்டு ஸ்டேண்டு இடிச்சிக்கிச்சி" என்றாள். நான் ஆலையில் எல்லோரிடமும் சொன்னேன்: "விரலு வீங்குற அளவுக்கு வாசிக்குது என் பொண்ணு!" எதிர் வீட்டு நண்பன் பெருமூச்சு விட்டான். "எம்பொண்ணு கம்பு சுத்திட்டு வருது, ஒடம்புல ஒரு கீறல் இல்ல. அவ்ளோ சூப்பரா தடுக்குது போல."

கீபோர்டு பிள்ளைகள் மேடையேறி வாசிக்கிற விழா ஒன்று வந்தது. ஒரு சனிக்கிழமை, மாதா கோயில் ஹாலில். எனக்கு அன்று மதிய ஷிப்ட், மனைவிக்கும் வேலை. "பரவால்ல நைனா, நீங்க வராட்டி இன்னா" என்று மகள் ரொம்பப் பெரிய மனசோடு சொன்னாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எதிர் வீட்டு நண்பனிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். அவன் காலையை நான் பார்த்தேன், என் மதியத்துக்கு அவன் போய் நின்றான். வீட்டுக்கு வந்து குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போய், முன் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மைக்கில் என் மகள் பெயரைச் சொன்னார்கள். நான் வாங்கித் தந்த மாம்பழக் கலர் பட்டுப் பாவாடை மேடை ஏறியது. பாவாடைக்குள் இருந்தது எதிர் வீட்டுப் பெண்.

முதலில் கண்ணைத் துடைத்தேன். பிறகு போனைத் துடைத்தேன். அவளேதான். உட்கார்ந்தாள், வாசித்தாள். எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் பின்னால் அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை நிறுத்திவிட்டுக் கேட்டது. பல்லிக்குப் பயப்படுகிற பெண், அத்தனை பேர் முன்னால் தலை நிமிர்ந்து வாசித்தாள். முடித்து எழுந்து கும்பிட்டபோதுதான் என்னைப் பார்த்தாள். அப்படியே உள்ளே ஓடிவிட்டாள்.

நானும் மேடைக்குப் பின்னால் போனேன். தண்ணீர் கேன்களுக்கு நடுவே குந்திக்கொண்டிருந்தாள் என் மகள். பக்கத்தில் அவளை விட உயரமாக ஒரு கம்பு.

"நைனா... உனுக்கு இன்னிக்கி மதியம் ஷிப்டாச்சே?"

"மாத்திக்கினேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாங்களும் மாத்திக்கினோம்."

"எப்ப?"

"மொத நாளே. அவ என் பேரச் சொல்லிக்கினு மேல போய்ட்டா, நான் அவ பேரச் சொல்லிக்கினு அங்க போய்ட்டேன்." பிறகு, ஞாயம் கேட்கிற குரலில்: "நீதான சொல்லுவ, ஆளு நின்னா போதும், மிஷினு நிக்கக்கூடாதுன்னு? ரெண்டு கிளாஸ்லயும் ஒயுங்கா ஆளு நின்னுச்சி நைனா. ஒரு நாளு காலியா இல்ல."

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும் இல்ல? சொல்லாம மாத்தலாமா?"

"நீ மட்டும் இன்னிக்கி சொன்னியா எங்ககிட்ட?"

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கம்பப் புடிங்கிடுவியா நைனா?"

பதில் சொல்வதற்குள் எதிர் வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அப்பாகிட்ட சொல்லாத மாமா. கடைசிப் பாட்டும் நான்தான் தனியா வாசிக்கணும். அத்த வாசிச்சிட்டு வுட்டுர்றேன் மாமா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அப்பன் எங்கே? என் மிஷினில். என் ஷிப்டில். அவன் மகள் வாசிப்பதை முன் வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"கடைசிப் பாட்டுக்கு நேரம் இருக்குதா?"

"இன்னும் நெறைய பேர் வாசிக்கணும் மாமா."

பைக்கை எடுத்தேன். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஓரமாகவே ஓட்டி, வேட்டியெல்லாம் புழுதியோடு ஆலைக்குள் நுழைந்தேன்.

சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாயா, பொண்ணு பாக்க வந்தியா?"

"திருப்பி மாத்திக்கிறோம் சார். அவன அனுப்பணும்."

"காலையில மாத்துன, இப்ப திருப்பி மாத்துற. இது கம்பெனியா, மியூசிக்கல் சேரா? போ, போய் டிரஸ்ஸ மாத்து. வேட்டியோட உள்ள போன, கம்பியோட சேத்து உன்னையும் வெட்டிரும்."

உடுப்பும் ஷூவும் மாற்றிக்கொண்டு மிஷினுக்குப் போனேன். நண்பன் பதறினான். "இன்னா மச்சான்? எம்பொண்ணுக்கு எதுனா ஆச்சா?"

"நல்லாத்தான் கீது. நீ மாதா கோயில் ஹாலுக்குப் போ. மொத வரிசைல என் சீட்டு காலியா கீது, அதுல குந்து. இன்னான்னு கேக்காத. போ!"

முகத்தில் எண்ணெய்க் கறையோடு அப்படியே ஓடினான்.

மறுநாள் காலை டீக்கடையில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"பயம் போவணும்னுதான சிலம்பத்துல போட்டேன்" என்றான். "அத்தினி பேரு முன்னாடி ஒண்டியா குந்திக்கினு வாசிக்குது மச்சான். நானா இருந்தா ஓடியாந்துருப்பேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஆமா, கன்னிப்போன காலு, வீங்குன விரலு... ஒரு நாளு கூட உனுக்கு டவுட்டு வர்ல?"

"உன் பொண்ணு மேல கீறலே இல்லன்னு நீ நம்புனல்ல? அத்த மாதிரிதான்."

டீக்கடைக்காரர் காசு வாங்க மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிளாஸ் அன்று மைதானத்துக்குப் போனேன். என் மகள் கம்பு சுற்றுவதை முதல்முறையாகப் பார்த்தேன். காற்று விர் விர்ரென்று கிழிந்தது. மாஸ்டர் எதிர் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "மெதுவா, மெதுவா!" என்று கத்திக்கொண்டிருந்தார். கம்பைப் பிடுங்கவில்லை பிள்ளைகளே. பக்கத்தில் போய் நின்றால் என் மண்டைக்குத்தான் ஆபத்து.

வரும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து மகள் மெதுவாகச் சொன்னாள்: "அபாகஸயும் கையெயுத்தயும் கூட மாத்திக்கலாம்னு பாத்தோம் நைனா. தெருவுல ஒருத்தங்களும் ஒத்துக்கல."

எங்கள் ஆலையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. கோடையில் உலை வாயில் நிற்கிற வேலை. விருந்தே வைக்கிறேன் என்றாலும் அதற்கு மாற்றிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அடுத்த வாரம் அபாகஸையும் கையெழுத்தையும் நிறுத்திவிட்டேன். இந்தி, அவளுக்கே பிடித்திருக்கிறதாம், இருக்கிறது. மற்ற சாயங்காலங்களில் சும்மா இருக்கிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "இன்னிக்கி எனுக்கு ஆஃப் நைனா" என்கிறாள்.

சாரிடமும் மாஸ்டரிடமும் நாங்களே போய் உண்மையைச் சொல்லிவிட்டோம். ஆனாலும் கீபோர்டு சாருக்குப் பழக்கம் விடவில்லை. இன்றைக்கும் என் மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். எதிர் வீட்டுப் பெண்ணும் "இன்னா சார்" என்று திரும்பிப் பார்க்கிறாள்.