நடுச்சதுரமும் அம்சவல்லியின் கஞ்சியும்

நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் தனகோட்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் அவர் சட்டையைத்தான் பார்ப்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குகிற மனிதருக்கு அப்படியொரு விறைப்பு எதற்கு என்று கேட்டால், "இந்தச் சட்டை நான் இல்லாமலே ஷிப்டுக்குப் போயிட்டு வந்துடும்" என்பார் அவர். கஞ்சி போட்டுப் பெட்டி தேய்ப்பது அவர் மனைவி அம்சவல்லி.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். படிப்பு எட்டோடு நின்றுவிட்டது. பாட்டு வராது. கோலம் சுமார். அவள் சாம்பாரைப் பற்றி அவள் கணவரே வாய் திறப்பதில்லை. ஆனால் கஞ்சியும் இஸ்திரிப் பெட்டியும் அவள் ராஜ்யம். பிளாக்கில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் வேட்டியும் காட்டன் புடவையும் அவளிடம் வந்துவிடும். "அம்சா தேய்ச்சதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

அந்த ராஜ்யத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நெய்வேலிக் காற்றில் கரித்தூள் கொஞ்சமாவது மிதந்துகொண்டிருக்கும். சாதாரணத் துணியானால் உதறினால் போய்விடும். ஈரக் கஞ்சித் துணி மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சூட்டோடு பெட்டியையும் வைத்துவிட்டால் சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி விழும். அதனால் அம்சவல்லி கஞ்சித் துணியை ஒருநாளும் மாடியில் போட மாட்டாள். வீட்டுக்குள் கொடி கட்டி, ஃபேனுக்கு அடியில் காய வைப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் எங்கள் மகளிர் மன்றத்தில் சத்யா மேடம் குயில்ட் வகுப்பு ஆரம்பித்தார். துண்டுத் துணிகளை முக்கோணமும் சதுரமுமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்துப் பெரிய விரிப்பாக்குவதுதான் குயில்ட். "தையல் பாதி வேலைதான். ஒவ்வொரு தையலுக்கும் பெட்டி போடறது மீதிப் பாதி" என்று முதல் நாளே சொன்னார். அம்சவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். பாதி வகுப்பு அப்போதே தன்னுடையது என்று அவளுக்கு எண்ணம்.

ஆனால் சட்டைக்குப் பெட்டியை இழுத்துத் தேய்க்க வேண்டும். குயில்ட்டில் இழுக்கவே கூடாது. வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அம்சவல்லியின் கை அதற்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இழுத்த கை. அவள் முக்கோணங்கள் எல்லாம் ஒரு பக்கமாக நீண்டு, கோணல் வாயாகச் சிரித்தன. சத்யா மேடம் அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு துண்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "பாருங்க, தையல் எப்படிப் படுத்திருக்கு. ருக்குமணி பண்ணது."

ருக்குமணி எதிர் குவார்ட்டர்ஸ்காரி. நெல்லிக்குப்பத்துப் பெண். கணவன் சக்கரபாணிக்கு வேலை பர்மனென்ட் ஆகி, அந்த வருஷம்தான் குடி வந்திருந்தாள். பெட்டி பிடிக்க அப்போதுதான் பழகுகிறாள். தெரியாத கைக்கு மறக்க ஒன்றுமில்லையே, அதனால் சொன்னபடி செய்துவிட்டாள். இதை அம்சவல்லியிடம் யாரும் சொல்லத் துணியவில்லை. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சாம்பாரில் தோற்கலாம், கோலத்தில் தோற்கலாம், பெட்டியிலா?

அன்று சாயங்காலமே ருக்குமணி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, துணிக்குக் கொஞ்சம் கஞ்சி போட்டா சொன்ன பேச்சு கேக்கும்னு மேடம் சொன்னாங்க. கஞ்சின்னா உங்களாண்டதான் கேக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்டிங்கக்கா போடறது?"

அம்சவல்லி ஜவ்வரிசியை ஊற வைப்பதிலிருந்து கஞ்சியை வடிகட்டுவது வரை எல்லாம் சரியாகவே சொன்னாள். கடைசியில் மட்டும், "மொட்ட மாடில நல்ல வெயில்ல போட்டுடு. அப்பதான் வெறப்பா நிக்கும்" என்றாள். சொல்லி முடித்ததும் மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் வகுப்பில் எல்லாரும் தைத்தது பூப்போட்ட அடர்நிறத் துணி. அதில் எந்தப் புள்ளி தெரியும்? ருக்குமணியின் சதுரங்கள் வாரத்துக்கு வாரம் மெருகேறின. அம்சவல்லிக்குத் தூக்கம் குறைந்தது. தனகோட்டியின் சட்டைக் கையில் ஒரு நாள் இரட்டை மடிப்பு விழுந்தது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போட்டுக்கொண்டு போனார்.

ஆண்டு விழா வந்தது. ஆளுக்கொரு சதுரம் தைத்து, எல்லாவற்றையும் ஒரே விரிப்பாக்கி மேடைக்குப் பின்னால் தொங்கவிடுவதாக ஏற்பாடு. நடுச்சதுரம் மட்டும் வெள்ளைத் துணியில், நட்சத்திர வடிவத்தில். அதைத் தைக்க விருப்பமுள்ளவர்கள் தைத்துக் கொண்டுவரலாம். எது தட்டையாகப் படுக்கிறதோ அது நடுவில். பிளாக்கே பார்க்கப் போகிற இடம். அது கிடைக்காவிட்டால் இத்தனை வருஷம் கஞ்சி காய்ச்சியதற்கு அர்த்தமில்லை என்றுதான் அம்சவல்லி நினைத்தாள்.

மானத்தை விட்டு ருக்குமணியிடம் போய்க் கேட்டாள். ருக்குமணி ஒளிக்கவில்லை.

"துணிய வெட்டறதுக்கு முன்னாடியே கஞ்சி போட்டுடுங்கக்கா. வெட்டினப்புறம் போட்டா சாய்வா வெட்டின ஓரம் இழுத்துக்கும். தையல விரிக்காம அப்டியே முதல்ல பெட்டிய வச்சி எடுங்க. அப்புறமா ஒரு பக்கம் சாச்சி, திரும்ப வச்சி எடுங்க. அவ்ளோதான்."

வீடு திரும்பிய அம்சவல்லிக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு லேசாக எவளாவது சொல்லுவாளா? தான் திருடி பிறரை நம்பாள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். முதலில் வெட்டினாள், பிறகு கஞ்சியில் முக்கினாள். ஃபேனுக்கு அடியில் சுத்தமாகக் காய்ந்த அவள் நட்சத்திரம், தைத்து முடித்தபோது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. எத்தனை தேய்த்தும் அது படுக்கவில்லை.

சதுரங்களை மேஜையில் வைத்த அன்று அம்சவல்லி தன்னுடையதைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. ருக்குமணி தன்னுடையதை விரித்தாள். முனைக்கு முனை பொருந்திய நட்சத்திரம், மேஜையோடு மேஜையாகப் படுத்தது. ஆனால் வெள்ளை முழுக்கச் சாம்பல் புள்ளி.

"என்னம்மா இது? எங்க காய வச்சீங்க?" என்றார் சத்யா மேடம்.

அம்சவல்லி தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மாடிலதான் மேடம். அக்கா சொன்ன மாதிரியேதான் பண்ணேன். அக்காவுக்குத் தெரியாததா? நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள் ருக்குமணி.

எல்லாரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள். பழைய ஆட்கள் சிலருக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஒருத்தி இருமினாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேற தச்சிட்டு வாங்க. இல்லன்னா மத்தவங்க தச்சதுல ஒண்ணை வச்சுக்கலாம்" என்று மேடம் முடித்தார்.

மறுநாள் காலை அம்சவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ருக்குமணி வாளியில் கஞ்சி முக்கிய புது வெள்ளைத் துணியோடு மாடிப்படி ஏறப் போனாள். சும்மா இருந்தால் போதும், நடுச்சதுரம் அவளுக்குக் கிடைக்காது. அம்சவல்லி சும்மா இருக்கத்தான் நினைத்தாள். "அக்காவுக்குத் தெரியாததா" என்ற அந்த ஒரு சொல் காதை விட்டுப் போகவில்லை. செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனாள்.

"மாடில போடாத ருக்கு. காத்துல கரித்தூள் வரும், கஞ்சில ஒட்டிக்கும். வூட்டுக்குள்ள கொடி கட்டி, ஃபேனுக்குக் கீழ போடு."

போன தடவை வேறு மாதிரி சொன்னீங்களே என்று ருக்குமணி கேட்பாள், கேட்டால் சண்டையாவது போடலாம் என்று அம்சவல்லி காத்து நின்றாள். ருக்குமணி வாளியோடு அப்படியே திரும்பி உள்ளே போனாள். பொய்யை எப்படி நம்பினாளோ அதே மாதிரி இதையும் நம்பினாள். அதைப் பார்த்தபோது, நடுச்சதுரத்துக்கு எரிந்ததைவிட அதிகமாக அம்சவல்லிக்கு வயிறு எரிந்தது.

உள்ளேயிருந்து ருக்குமணி குரல் கொடுத்தாள். "ஃபேன ரெண்டுல வைக்கட்டுமா, மூணுல வைக்கட்டுமாக்கா?"