காணாமல் போனவனுக்கு மாலை

மெக்சிக்கோ உணவகமொன்றில் அவக்காடோ பிசைவது என் தொழில். முதலாளி பிரெஞ்சுக்காரர். யாழ்ப்பாணத்தானான என்னைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் 'ஹோலா' என்று ஸ்பானிஷில் வணக்கம் சொல்வார்கள். நானும் மீசையை நீவி 'ஹோலா' என்பேன். அங்கே உண்மையான மெக்சிக்கோக்காரர் ஒரே ஒருவர்தான்: சோள ரொட்டி தட்டும் அக்கா. அவரது பிரெஞ்சையும் என் பிரெஞ்சையும் சேர்த்தாலும் ஒரு முழுப் பிரெஞ்சு வராது.

அவர் மகன் ஊரில் அவக்காடோ அடுக்கும் கிடங்கில் வேலை செய்தவன். பெட்டிக்கு இவ்வளவு என்று கப்பம் கேட்ட கும்பலை எதிர்த்து ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினான். மறுவாரம் ஒரு பிக்கப் வண்டி வந்து அவனை ஏற்றிப்போனது. ஆறு வருடமாகிறது. "அமெரிக்கா போயிருப்பான்" என்றதாம் பொலிஸ். வன்னியில் காணாமல் போன என் அண்ணாவைக் கேட்டு அம்மா அலைந்தபோது, "வெளிநாடு போயிருப்பார்" என்றார்கள் அதிகாரிகள்; அதை அக்காவுக்கும் சொல்லியிருந்தேன். உலகத்து அரசாங்கங்களெல்லாம் ஒரே பயண முகவரிடம்தான் ரிக்கெற் எடுக்கின்றன போலும்.

அந்த ஒக்டோபர் கடைசியில், அக்காவின் ஊரில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இரும்புக் கம்பியால் நிலத்தைக் குத்திப் பார்த்து, ஒரு சோளக்காட்டில் எலும்புகளை எடுத்திருந்தார்கள். ஊரிலிருக்கும் அக்காவின் கணவர் போய் மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார். பொருந்துகிறதா இல்லையா என்ற பதில் தொலைபேசியில் எந்நேரமும் வரலாம்.

அதே வாரம்தான் முதலாளிக்கு மெக்சிக்கோவின் செத்தவர் திருநாள் ஞாபகம் வந்தது. வாசலில் மேசை, மெழுகுதிரி, செத்தவர்களின் படங்கள், பூ. பூ வாங்க லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் போக என்னை விட்டால் யார்?

"என்ன அண்ணை, இவ்வளவு செவ்வந்தி? ஆருக்குக் கலியாணம்?" என்றான் பூக்கடைத் தம்பி.

"செத்தவீடு."

"ஐயோ, ஆர் செத்தது?"

"ஒருத்தருமில்லை. முதலாளிக்கு வியாபாரம்."

முதலாளி இணையத்திலிருந்து யார் யாரோ கிழவர்களை அச்சடித்து வைத்திருந்தார். நடுச்சட்டகம் மட்டும் வெறுமை. உடுப்பு மாற்றும் அறையில், அக்காவின் அலுமாரிக் கதவில் மகனின் படம் ஒட்டியிருந்தது. ஒரு மாலை விழுந்தால் அவர் மனம் ஆறும் என்று எனக்குத் தோன்றியது. இதே ஞானத்தைச் சார்செலிலுள்ள எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சொல்லி அகப்பையால் அடி வாங்கியவன் நான். இங்கே அகப்பை இல்லையென்ற துணிச்சல். படத்தைச் சட்டகத்தில் வைத்து, என் கையாலேயே மாலை போட்டேன்.

அக்கா கண்டார். படத்தை உருவி, ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"அவனைச் சாக்காட்ட நீ ஆர்?" என்றார் தன் அரைப் பிரெஞ்சில்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"உன்ரை அண்ணாவுக்குப் போட்டனியோ?"

"இல்லை. அம்மா விடேல்லை."

"இவன்ரை அம்மா இஞ்சைதானே நிக்கிறன். என்னைக் கேட்டனியோ?"

என்னிடம் எப்போதும் ஒரு பகிடி கைவசம் இருக்கும். தேடிப் பார்த்தேன். இல்லை.

கடை திறக்கப் பத்து நிமிடம். "நடுவிலே ஓட்டை தெரியுது, எதையாவது வை!" என்று முதலாளி கத்தினார். பேர்சைத் துழாவினேன். விசாப் புதுப்பிப்புக்கு எடுத்த என் படம் ஒன்று மிச்சமிருந்தது. அதற்குச் சிரிக்கக் கூடாதென்பது சட்டம். செத்தவனுக்கு வேண்டிய களை அதில் தாராளமாக இருந்தது. சட்டகத்தில் செருகி, மாலையை எனக்கே போட்டுக்கொண்டேன்.

அடுப்படியில் அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் தொலைபேசி. அது அதிரும்போதெல்லாம் தட்டும் சத்தம் நிற்கும்; யாரோ விளம்பரக்காரர் என்று தெரிந்ததும் தொடரும்.

கடை திறந்ததும், வாசலில் ஒரு பெண் என் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவர் உண்மையாகவே செத்துவிட்டாரா?"

"நிச்சயமாக," என்றேன். "இவரைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை."

உள்ளே தொலைபேசி அதிர்ந்தது; தட்டும் சத்தம் நின்றது. நான் காத்திருந்தேன். அது தொடரவில்லை.