மஞ்சள் கருவும் மாத்திரையும்

உச்சிப்புளிப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடி டீச்சராக இருக்கும் நாகலெட்சுமியின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தையை முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை. பயிற்சிக்குப் போய் வந்த மறுநாளே ஊருக்குச் சட்டம் போட்டுவிடுவார். முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கி எறியச் சொன்னார், தெருநாய்கள் கொழுத்தன. சில வருடம் கழித்து, மஞ்சள் கருவில்தான் சத்தே இருக்கிறது என்றார். சர்க்கரை நோய்க்காரர்களைக் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்றார்; பிறகு அதுவும் கூடாது என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? "டீச்சர், இந்த வாரம் மஞ்சக்கரு உள்ளயா, வெளியயா?" என்று பஸ் நிறுத்தத்தில் வைத்தே கேட்பார்கள். அவரும் சிரித்துச் சமாளிப்பார்.

மாரிச்செல்வி விஷயத்தில்தான் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணி. ரத்த அளவு பதினொன்றாவது இருக்க வேண்டும், எட்டுதான் இருந்தது. நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. மாமியார் சண்முகவள்ளி மறித்துவிட்டார்.

"இன்னைக்கி முழுங்கச் சொல்லுவீக, நாளைக்கித் துப்பச் சொல்லுவீக. எம்மருமகள வச்சா சோதன பண்ணுறீக?"

நாகலெட்சுமிக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கோபப்படவும் முடியவில்லை, அதில் பாதி நியாயம் இருந்தது. ஆனால் இந்த ரத்தத்தோடு அந்தப் பெண் எப்படிப் பிள்ளை பெறுவாள் என்று பயமாக இருந்தது.

சண்முகவள்ளி மண்டபம் கடற்கரையில் மீன் எடுத்து மொபெட்டில் ஊர் ஊராக விற்பவர். மறுநாள் காலை அங்கன்வாடி வாசலில் பெட்டியைத் திறந்தார். நாகலெட்சுமி நகரை மீனைக் கேட்டார்.

"அது வேணாம் டீச்சர், நேத்தைக்கி ஐஸுல கெடந்தது. இந்தப் பாறை மீன எடுங்க. செவுளப் பாருங்க, எப்புடிச் செவந்திருக்கு!"

பத்து வருடமாக இவரிடம் மட்டுமே மீன் வாங்குவது ஏன் என்று நாகலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நானும் பெட்டியத் தொறந்து காட்டிர்றேன் மதினி" என்றார். "கருப்பட்டிக்கு நான் மொதல்ல சொன்னது தப்பு. மஞ்சக்கருவும் தப்பு. அன்னைக்கி அப்படிச் சொல்லிக் குடுத்தாக, நானும் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன்."

"தேங்காயெண்ண?"

தொண்டை வரை ஒரு சட்டம் வந்தது. விழுங்கிக்கொண்டார். "தெரியல மதினி. படிச்சவுகளே இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காக. அளவாச் சேத்துக்கங்க."

"மாத்திரை?"

"அது தெரியும். எத்தன புள்ளத்தாச்சிகளக் கண்ணால பாத்துட்டேன்! ரத்தம் ஏறும். வயித்தப் பெரட்டும், வெளிக்கிக் கறுப்பாப் போகும், பயப்படாதீக. டீயோட மட்டும் குடுக்காதீக."

சண்முகவள்ளி மீனை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் மாரிச்செல்வியின் மாத்திரை அட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பேறுகாலத்துக்கு முன் ரத்தம் பதினொன்றைத் தொட்டது. பிள்ளை மூன்று கிலோ. நாகலெட்சுமி தலைகால் புரியாமல் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் தெருமுனையில், கர்ப்பிணியான கலைச்செல்வி மாத்திரைக்கு முகம் சுளித்தாள் என்று சண்முகவள்ளி மொபெட்டை நிறுத்தி அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, டீச்சரு தெரியாததத் தெரியாதுன்னு சொல்ற ஆளு. அவுக தெரியும்னா, பேசாம முழுங்கு!"