பஞ்சுக்குப் போட்ட தேங்காய் எண்ணெய்

போன தை மாசம் நடந்தது இது. ஷார்ஜாவுல முவைலாங்குற எடத்துல எம்மக குடும்பம் இருக்கு. மூணு மாசம் தங்கிட்டு வரலாம்னு நானும் போயிருந்தேன். நான் போய் எறங்குன வாரமே மருமவனுக்கு வேலை போயிட்டு. ராசியான மாமியார் வந்திருக்கேன்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல.

அவரு ஜெனரேட்டர் மெக்கானிக். கம்பெனியை மூடிட்டானுவ. விசா முடியறதுக்குள்ள வேற எடத்துல சேரலன்னா அவரு மட்டுமில்ல, அவரு விசாவுல இருக்க எம்மக, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பேத்தி, எல்லாரும் மூட்டை கட்டணும். காலையில தேச்ச சட்டையோட போவாரு, மத்தியானம் கசங்குன மூஞ்சியோட வருவாரு.

அப்பத்தான் குவாட் பைக் ரிப்பேர் பண்ற ஒர்க்‌ஷாப் வச்சிருக்க ஒரு அரபிக்காரரு ஒரு வழி சொன்னாரு. அவரு தோட்டத்து ஷெட்டுல ஒரு பழைய வண்டி ஏழு வருசமா கெடக்காம். மணல்ல பறக்குற நாலு சக்கர வண்டி, டூ ஸ்ட்ரோக் இஞ்சினு. அதை ஓட வை, வெள்ளிக்கிழமை மணல் மேட்டுல ஏறிட்டா வேலை ஒனக்கு, ஏறலன்னா கலாஸ். கலாஸ்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். அரபியில நான் படிச்ச மொத வார்த்தை அதுதான்.

வண்டியை எங்க பில்டிங் கீழ கொண்டாந்து எறக்குனாங்க. டேங்குல கெடந்த பெட்ரோலு கருப்பட்டிப் பாகாட்டம் இறுகி, அந்த வாடை மாடி வரைக்கும் வந்துச்சு. "மாப்பிள்ள, இதுக்கு பெட்ரோல் ஊத்துறதுக்குப் பதிலா, செத்தவங்களுக்கு ஏத்துற மாதிரி ஒரு மெழுகுதிரி ஏத்திட்டுப் போயிரலாம்"னேன். "சும்மா இருங்க மாமி"ன்னாரு. ஆனா வாயோரத்துல லேசா சிரிப்பு.

ஆறு நாளு அந்த வண்டிகிட்டயே கெடையாக் கெடந்தாரு. கார்பரேட்டரைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டாந்து, அடைச்சுக் கெடந்த பொடி ஓட்டையெல்லாம் மெல்லிசு கம்பியால நோண்டி எடுத்தாரு. வெறைச்சுப்போன ரப்பர் சீலு, டியூப்பு எல்லாத்தையும் மாத்துனாரு. பெட்ரோல்ல ஆயிலை அளந்து கலந்தாரு, கம்பவுண்டர் மருந்து கலக்குற மாதிரி. பிறவு ஓட்டிப் பாப்பாரு, பிளக்கைக் கழட்டி அதோட கலரைப் பாப்பாரு, கார்பரேட்டருக்குள்ள இருக்க குட்டி பித்தளை ஜெட்டை மாத்துவாரு, திரும்பவும் ஓட்டுவாரு. பிளக்கு கருத்திருந்தா பெட்ரோல் கூடுதலாம், வெளுத்திருந்தா கம்மியாம். வியாழக்கிழமை ஒரு பிளக்கைக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டுனாரு. நல்ல டீ கலரு. எம்மகளைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட அந்த மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாக்கல.

அன்னைக்கு, வண்டிக்குள்ள போற காத்தை வடிகட்டுற பஞ்சை பால்கனிக் கொடியில மாட்டிட்டு அவரு கடைக்குப் போயிட்டாரு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு மாதிரிதான் இருக்கும், ஒரு தொப்பி அளவுக்கு. என் வெள்ளை ஜாக்கெட்டுக்குப் பக்கத்துல நீலமா, பிசுபிசுன்னு ஒழுகிக்கிட்டு நின்னுச்சு. ஆம்பள தொவைச்ச லட்சணத்தைப் பாருன்னு எடுத்து, சோப்புப் பொடி போட்டு, மூணு தண்ணியில அலசிக் காயப் போட்டேன். பூ மாதிரி ஆயிட்டு.

எம்மக பாத்துட்டு தலையில கை வச்சா. "அது அழுக்கு இல்லம்மா. மண்ணு உள்ள போவாம ஒட்டிக்கிடணும்னு அவரு போட்ட எண்ணெய். அவரு வந்ததும் சொல்லிரு."

சொல்லிருன்னா லேசா? ஆறு நாளா அந்த மனுசனைக் கேலி பண்ணிட்டு, இப்ப போய் நிக்க கால் வரல. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி அவளை அனுப்பிட்டேன். எண்ணெய்தான வேணும், அதுக்கா பஞ்சம்? அடுப்புப் பக்கத்துல இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, பேத்தி தலைக்குத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ச்சு, பிழிஞ்சு, கவர்ல போட்டு அடுப்படியிலயே வச்சிட்டேன். விடியக்காலம், பஞ்சு அடுப்படியில இருக்குன்னு நான் சொன்னதும் அவரு அவசரத்துல எடுத்து, பார்க்கிங்குல அரை இருட்டுல வண்டியில மாட்டுனாரு. கையில எண்ணெய் பட்டுச்சு, வேற ஒண்ணும் பாக்கல.

பாலைவனம் பாக்கணும்னு அடம் பிடிச்சு நானும் மருமவன் ஓட்டுன பிக்கப்புல முன்சீட்டுல ஏறிக்கிட்டேன். மணல் வண்டி பின்னால தொறந்த பகுதியில நின்னுச்சு. மலீஹா ரோட்டுல ஒரு மணி நேரம். அங்க போய் எறங்குனா அப்படி ஒரு குளிரு, பல்லு கிட்டிச்சு. அரபிக்காரரு பிளாஸ்க்கோட நிக்காரு.

மருமவன் கிக்கரை மிதிச்சாரு. வண்டி பிடிச்சுச்சு. ஆக்சிலேட்டரைத் திருகுனா மூச்சு முட்டுன மாதிரி இருமி, பொகையைக் கக்கிட்டு நின்னுச்சு. திரும்ப, திரும்ப, அதே இருமல். பிளக்கைக் கழட்டுனாரு, கரியா இருந்துச்சு. ஜெட்டை மாத்திப் பாத்தாரு, அதுக்கும் கேக்கல. அரபிக்காரரு ஒரு தரம் மணி பாத்தாரு, கொஞ்சங் கழிச்சு இன்னொரு தரம் பாத்தாரு.

நான் குளிருக்கு ஒதட்டுல தடவலாம்னு பையில இருந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். கவுத்தா ஒரு சொட்டு எறங்கல. மெழுகு மாதிரி ஒறைஞ்சு கெடக்கு. எங்க கடக்கரையில இத்தனை வருசத்துல எண்ணெய் இப்படிக் கல்லாப் போயி நான் பாத்ததே இல்ல. இதே எண்ணெயைத்தான அந்தப் பஞ்சு முழுக்கத் தேய்ச்சேன்?

சொல்லாம இருந்தா வேலை போவுது, சொன்னா மானம் போவுது. பக்கத்துல போய் குனிஞ்சு, மெதுவா எல்லாத்தையும் சொன்னேன். அவரு சீட்டைத் தூக்கிப் பாத்தாரு. பஞ்சு வெள்ளை வெளேர்னு, பன்னிக் கொழுப்பு மாதிரி இறுகி நிக்கு. காத்து எங்க நுழையும்? என்னை ஒரு தரம் பாத்தாரு. பெட்ரோல்ல கசக்கிப் பிழிஞ்சு உதறி, கலக்க வச்சிருந்த ஆயிலைத் தடவி மாட்டுனாரு. ஜெட்டையும் பழையபடி மாத்துனாரு.

அரபிக்காரரு வந்து இந்தியில என்ன கோளாறுன்னு கேட்டாரு. "என் கல்தி. பில்டரைப் பாக்காம மாட்டிட்டேன்"னாரு மருமவன். பில்டிங் வாட்ச்மேன் புண்ணியத்துல அந்த அளவு இந்தி எனக்கும் தெரியும். கல்தின்னா தப்பு. பாக்காம மாட்டுறவனை நம்பி நான் எப்படி வண்டியைக் குடுக்கன்னு அரபிக்காரரு மூஞ்சி சுருங்கிச்சு.

அதுக்கு மேல என்னால நிக்க முடியல. நேரா அவரு முன்னால போய் குப்பியை நீட்டுனேன். பஞ்சைக் காட்டுனேன், என் தலைமுடியைக் காட்டுனேன், துணி தொவைக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டுனேன், கடைசியில என் நெஞ்சுலயே குத்திக்கிட்டு "கல்தி, கல்தி"ன்னேன். அவரு குப்பியை மோந்து பாத்தாரு. "இது உன் அம்மாவா?"ன்னு மருமவனைக் கேட்டாரு. மாமியாருன்னு இவரு சொன்னதும் மனுசன் தலைத்துணி நழுவுற அளவுக்குச் சிரிச்சாரு. "யல்லா, ஓட்டு"ன்னாரு.

வண்டி சீறிக்கிட்டுப் போய் மேட்டுல ஏறுச்சு. பிறவு அரபிக்காரரே ஏறி ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, பிளக்கைக் கழட்டிக் கலரைப் பாத்தாரு. திங்கக்கிழமை பாஸ்போர்ட்டோட வான்னு மட்டும் சொன்னாரு.

திரும்பி வாரப்ப பாதி வழி தாண்டுனதும், "ஏன் மாப்பிள்ள உங்க தப்புன்னு சொன்னீய?"ன்னு கேட்டுட்டேன். "மாட்டுறதுக்கு முன்னால நான் பாத்திருக்கணும் மாமி. அது நெசந்தான"ன்னாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மண்ணு கண்ணுல விழுந்துட்டுன்னு சொல்லிக்கிட்டேன், ஜன்னலு பூட்டித்தான் இருந்துச்சு.

எங்க பக்கம் மாமியாரு மருமவன் மூஞ்சிக்கு நேரா நன்றி சொல்ற வழக்கம் இல்ல. தன் சோத்துக்கே ஆபத்து வந்து நின்ன நேரத்துலயும் என் தப்பைத் தன் தலையில தூக்கி வச்சுக்கிட்ட அந்த மனுசனுக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே சொல்லியாவது தீத்துக்கிடலாம்னுதான் இதை எழுதுதேன்.