மூன்று எல்லையும் பெல்டன்

ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ஹொல்ம்லியாவில் எந்த வீடு விலைக்கு வந்தாலும் என் மனைவி அருள்ராணி அதன் வரைபடத்தைத் தேடிப் பார்த்துவிடுவாள். வாங்குவதற்கு அல்ல, அதற்கு எங்களிடம் வழியில்லை. பக்கத்துக் காணி யாருடையது, நடுவில் போகும் பாதையில் யாருக்கு உரிமை என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் ஒரு நொத்தாரிசிடம் மூன்று வருடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிய பழக்கம் அது. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்ததோடு அந்த வேலை போய்விட்டது. இங்கே முப்பது வருடமாக முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். ஆனால் அவளுக்குள் இருக்கும் நொத்தாரிசு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அந்த இல்லத்தில் கதவு, குழாய், மின்விளக்கு எல்லாவற்றையும் திருத்துகிறவர் ஆன்ட்ரியாஸ். தாய் ஒஸ்லோக்காரி. தகப்பன் அறுபதுகளில் வர்ஜீனியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கறுப்பு அமெரிக்கர். தகப்பன் காலமான பிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சியவர் தகப்பனின் தமக்கை ஒருவர்தான். எங்கள் முறைப்படி சொன்னால் மாமி. வயது தொண்ணூற்று மூன்று; இன்னும் வர்ஜீனியாவில்தான் இருக்கிறார்.

இந்த மாமி தினமும் செபிக்கும்போது தன் முன்னோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தகப்பனில் தொடங்கி மேலே போனால் ஆறாவது பெயர் மோசஸ். மோசஸின் தாயின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த இடம் வந்ததும் "தாயே" என்று மட்டும் சொல்லி நிறுத்துவார். கண்ணை மூடுமுன் அந்தப் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆன்ட்ரியாஸ் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். இந்த மாசியில் மருத்துவர்கள் இனிச் சில கிழமைகள்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயத்தை இடைவேளையில் கேட்ட அருள்ராணி, "ஞாயிறு பூசை முடிய எங்கட வீட்டுக்கு வாங்கோ, எல்லாத்தையும் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. முந்நூறு வருடத்துக்குக் கிட்டிய அமெரிக்கக் கதை; ஊர்காவற்றுறை எழுத்தருக்கு அங்கே என்ன வேலை?

ஆன்ட்ரியாஸ் வந்தார். சேற்றுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சமையலறை மேசையில் கணினியைத் திறந்தார். அவர்கள் கதைத்தது நொஷ்க்கில், அதாவது நோர்வே மொழியில். நான் எங்கள் பேச்சில் தருகிறேன்.

மோசஸின் பெயர் இருந்தது ஒரேயொரு மரணசாசனத்தில். டோல்சன் என்ற நிலக்காரர் 1790இல் எழுதியது. தன் அடிமைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது, "என் மனைவியோடு வந்தவளின் மகன் மோசஸ்" என்று ஒரு வரி. ஆன்ட்ரியாஸ் டோல்சனின் தகப்பன், பாட்டன், சிற்றப்பன்மார் என்று ஆண்வழியை ஒன்றுவிடாமல் துருவியிருந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"உங்களுக்கு ஏன் டோல்சன்? அவ வந்தது மனுசியோட எல்லோ. மனுசி ஆரின்ரை பிள்ளை?" என்று அருள்ராணி கேட்டாள்.

"ஆன் எண்ட பேர் மட்டும்தான் இருக்கு. கலியாணப் புத்தகம் நெருப்பில எரிஞ்சு போச்சுது."

"காணி எரியேல்லைத்தானே. டோல்சன்ரை காணியின்ரை எல்லையை வாசியுங்கோ."

ஆன்ட்ரியாஸ் வாசித்தார். கிழக்கே ஆறு. வடக்கே பெல்டன். மேற்கே பெல்டன். தெற்கே பெல்டன்.

அருள்ராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூண்டு பக்கமும் ஒரே ஆள். இது தகப்பன்ரை காணிக்குள்ள அறுத்து மகளுக்குக் குடுத்தது. ஆன் பெல்டனின்ரை பிள்ளை."

"விலைக்கும் வாங்கியிருக்கலாமே?"

"ஆத்தங்கரைத் துண்டை ஆர் விப்பான்?"

எங்கள் ஊரில் காணி பெண்ணோடு போகும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வர்ஜீனியாவில் பெரும்பாலும் மகன்களுக்குத்தான் நிலம் என்று ஆன்ட்ரியாஸ் பொறுமையாகச் சொன்னார். இவள் கேட்டால்தானே. அந்தப் பிடிவாதத்தை முப்பது வருடமாக அனுபவிக்கிறவன் நான். எழுந்து போய்க் கோப்பி ஊற்றினேன்.

இணையத்தில் இருந்த பழைய பதிவேடுகளில் பெல்டனின் பெயரைத் தேடியதில் அரை மணி நேரத்தில் அகப்பட்டது. 1758ஆம் ஆண்டு, பெல்டன் தன் மகள் ஆனுக்கு எழுதிய நன்கொடை உறுதி. அருள்ராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தாள். பழைய மை, சரிந்த ஆங்கிலக் கையெழுத்து. வெள்ளைக்காரன் காலத்து உறுதிகளை வாசித்தவளுக்கு அது பழகிய பாதைதான். "என் மகள் மேல் கொண்ட அன்பையும் பட்சத்தையும் முன்னிட்டு" என்று தொடக்கம். முகம் மலர்ந்துவிட்டது. "எங்கட நொத்தாரிசும் இப்பிடித்தான் துவங்குவார்" என்றாள்.

பிறகு பட்டியல். இருநூறு ஏக்கர். இறகு மெத்தை ஒன்று. பெண்குதிரை ஒன்று. பசு ஆறு. அதற்கு அடுத்ததாக, ஃபீபி, அவளும் அவள் பெருக்கமும், என்றென்றைக்கும்.

"பாருங்கோ, ஏழாவது பசு வீட்டுச் செல்லம் போல. பேர் சொல்லிக் குடுத்திருக்கிறார். நாங்களும் சீதன உறுதியில மாடும் அதின்ரை கண்டுகளும் எண்டு எழுதுறனாங்கள்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆன்ட்ரியாஸ் சிரிக்கவில்லை. திரையில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"மோசஸ்தான் அந்தப் பெருக்கம்" என்றார்.

மோசஸ் மட்டுமா? அவருக்குப் பிறகு வந்த ஏழு தலைமுறையையும் அந்த மனிதன் ஒரு சொல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறான். பிறக்காத பிள்ளைகளையெல்லாம், மகள்மேல் வைத்த அன்பினால். அந்தப் பெருக்கத்தில் ஒருவர் எங்கள் சமையலறையில், என் முன்னால், எங்கள் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். இருநூறு வருடமாக யாரும் கூப்பிடாத பெயர் ஒன்று எங்கள் மேசைக்கு வந்திருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று அருள்ராணியைச் சமாதானப்படுத்த நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "என்னை மன்னியுங்கோ, ஆன்ட்ரியாஸ். நான் மாடெண்டு வாசிச்சுப்போட்டன்."

"எழுதினவனும் அப்பிடி நினைச்சுத்தானே எழுதினவன்."

அவள் அழுதாள். கனநேரம் அழவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "பெல்டனின்ரை பேரில வேறை என்ன கிடக்கு எண்டு பாப்பம்" என்றாள். பெயர் தெரிந்த பிறகு கதவு தானாகத் திறந்தது. அந்த உறுதிக்கு இரண்டு வருடம் முந்திய நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு வரி. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கும் அடிமைப் பிள்ளைகளை வரிக்காக நீதிபதிகளின் முன் நிறுத்துவார்களாம். அவர்கள் ஆளைப் பார்த்து வயதைத் தீர்மானிப்பார்களாம். "பெல்டனின் ஃபீபி, ஒன்பது வயது எனத் தீர்மானிக்கப்பட்டது."

அப்போது பின்னேரம் நாலு மணி. அங்கே காலை பத்து. ஆன்ட்ரியாஸ் மாமியை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தார். மறுமுனையில் மருத்துவத்தாதி தொலைபேசியை மாமியின் காதருகே பிடித்திருப்பதாகச் சொன்னாள். மூச்சின் இரைச்சல்தான் முதலில் வந்தது. மாமியின் ஆங்கிலத்தை அருள்ராணி மெதுவாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மாமி, பேர் கிடைச்சிட்டுது. ஃபீபி" என்றார் ஆன்ட்ரியாஸ்.

மாமி அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அவவுக்கு அப்ப எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"வந்து இறங்கேக்கை ஒன்பது."

"ஒன்பதோ?" என்றார். மூச்சு இரைத்தது. "எண்பது வருசமா நான் அவவைத் தாயே எண்டு கூப்பிட்டு, என்னைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். அது சின்னப் பிள்ளையெல்லே. அதை ஆர் பாத்தது?"

மருத்துவத்தாதி அவர் களைத்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தாள். மாமி அவளை மறித்தார். பிறகு, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில், தொண்ணூற்று மூன்று வயதில் எவ்வளவு உரத்துச் சொல்ல முடியுமோ அவ்வளவு உரத்துச் சொன்னார்.

"ஃபீபி, வா பிள்ளை. நான் இஞ்சைதான் இருக்கிறன்."